உடுப்புக் கம்பத்தடியில் கிடந்த தாலிக்கொடி

தம்பி,

இரண்டு கிழமைக்கு முன் நீ அனுப்பிய மெசேஜுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. "அப்பா, நீங்கள் பின்வளவுக்குள்ளை ஒரு மெஷினோடை திரிஞ்சனியளாம், சின்னம்மா சொன்னா. இந்த வயசிலை உங்களுக்கு ஏன் அது? ஆர் யூ ஓகே?" என்று கேட்டிருந்தாய். கடைசிக் கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்கியது. அம்மாவுக்கு வந்தது அப்பாவுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்திருக்கிறாய். பயப்படாதே, என் ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. அது கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதாமல் தப்பியிருப்பேன்.

நீயும் நித்தியாவும் பிள்ளையும் மார்கழியில் மெல்பேர்னுக்குப் போகிறீர்கள். போனால் நான் இருக்குமட்டும் திரும்பி வருவீர்களோ தெரியாது. அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். உன் அம்மாவின் தாலிக்கொடி இப்போது எனக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நித்தியா அதை எடுக்கவில்லை. அவளைக் கள்ளி என்று இந்தக் குடும்பம் முழுவதற்கும் சொன்னவன் நான். அந்தச் சொல்லோடு அவளை விமானம் ஏற்றி அனுப்பக்கூடாது, அவ்வளவுதான் இந்தக் கடிதத்தின் வேலை. போனில் சொல்ல முடியாது, நீ கத்துவாய், நானும் கத்துவேன், பாதியில் நின்றுவிடும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனது இன்றைக்கு உதவட்டும். நித்தியா உன்னைவிட நன்றாகத் தமிழ் வாசிப்பாள் என்று தெரியும். ஆனால் அவளிடம் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொல்லாதே. நேரம் எடுத்தாலும் நீயே எழுத்துக்கூட்டி வாசி.

இரண்டு வருஷத்துக்கு முந்திய ஆவணியில், சின்னம்மாவின் மகளுடைய கல்யாண நாள். காலை எட்டு மணிக்கே எங்கள் இல்ஃபோர்ட் வீட்டில் சனம் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு மறதி நோய் வந்து அது மூன்றாவது வருஷம். அவளுக்குச் சேலை உடுத்திவிட்டது நித்தியா, தலை இழுத்துக் கட்டிவிட்டது நித்தியா. தாலிக்கொடியை எடுக்க நான் அலுமாரியைத் திறந்தேன். இந்த ஊரில் தங்கம் உள்ள வீடு எது என்பதைக் கள்ளருக்கு எங்கள் பெண்களின் கழுத்தே காட்டிக்கொடுக்கும் என்று அம்மா நாளாந்தம் ஒரு மெல்லிய சங்கிலிதான் போடுவாள். கொடி பழைய சேலைகளுக்கு நடுவில் ஒரு துணிப்பையில் இருக்கும். பை இருந்தது, கொடி இல்லை. அம்மாவைக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நோயின் கணக்கில் போட்டுவிட்டேன்.

பஸ் கராஜில் முப்பது வருஷம் வயர் பார்த்த மூளை என்னுடையது. விளக்கு எரியவில்லை என்றால் கடைசியாக அதில் கைவைத்தது யார் என்றுதான் முதலில் கேட்பேன். கிழமைக்கு மூன்று நாள், லண்டனின் மறுபக்கம் உங்கள் தோர்ண்டன் ஹீத்தில் இருந்து கைக்குழந்தையோடு ரயில் மாறி மாறி வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, அந்த அலுமாரியைத் திறந்து மூடியவள் நித்தியா. அதனால் அவளிடமே போனேன். "பிள்ளை, உன்ர பாக்கை ஒருக்காத் திறந்து காட்டு." சின்னம்மா நின்றாள், அவளுடைய சம்பந்தி வீட்டார் நின்றார்கள். நித்தியா பையை மேசையில் கவிழ்த்தாள். பிள்ளைக்குக் கட்டுகிற இரண்டு நப்பி, ரயிலுக்குக் காட்டுகிற ஓய்ஸ்டர் கார்ட், அம்மாவின் மருந்து எழுதிய துண்டு, பிள்ளை பாதி கடித்த ரஸ்க். நீ மாடியில் இருந்து இறங்கி வந்து, "அப்பா, என்ன செய்யிறியள்?" என்றாய். "ஜெர்மனியிலை வளர்ந்த பிள்ளையை நம்பி வீட்டைத் திறந்து விட்டது என்ர பிழை" என்று நான் சொன்னேன். நீங்கள் மூன்று பேரும் கல்யாணத்துக்குப் போகாமல் காரில் ஏறிப் போனீர்கள்.

அதன் பிறகு அம்மாவைக் குளிப்பாட்ட கவுன்சில் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அம்மா ஒவ்வொரு நாளும் நித்தியாவைத் தேடி, அவர்களைப் பார்த்து "பிள்ளை எங்கை?" என்று தமிழில் கேட்பாள். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் "தண்ணீர் கேட்கிறா" என்று சொல்லிவிடுவேன். கோயிலில் நித்தியாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் என்று நீ ஒரு நாள் போனில் கத்தினாய். நான் போனை வைத்துவிட்டேன். போன கார்த்திகையில் அம்மா போனபோது, சுமங்கலியாகப் போனவளை மஞ்சள் கயிற்றோடு அனுப்பினேன். செத்தவீட்டுக்கு நித்தியா காதில்கூட ஒன்றும் போடாமல் வந்து, கோட்டைக் கழற்றாமல் பின்வரிசையில் நின்றாள். "இப்ப நல்ல பிள்ளை வேசம்" என்று சின்னம்மா என் காதில் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

இனி மெஷின் கதைக்கு வருகிறேன். மாசி மாதத்தில் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உன் மனைவி நட்ட பூ ஒன்றும் வரவில்லையே" என்றார். எந்தப் பூ என்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முதல், நல்ல குளிர்காலத்தில், அம்மா கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வளவுக்குள் நின்றாளாம், மண் கிண்டுகிற சத்தமும் கேட்டதாம். கிழங்கு ஏதோ நடுகிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். எந்த இடம் என்று கேட்டால், வேலியால் தலை மட்டும்தான் தெரிந்தது என்றார்.

உனக்கு இது விளங்காது, நீ இங்கே பிறந்தவன். ஊரில், சண்டைக் காலத்தில், ஆமி முன்னேறி வருகிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் சனம் முதலில் செய்கிற வேலை, நகையை ஒரு பால்மாத் தகர ரின்னில் போட்டு வளவுக்குள் குழி வெட்டித் தாட்டுவிட்டு ஓடுவது. திரும்பி வந்து எடுத்தவர்களும் உண்டு, எந்த மரத்தடி என்று தெரியாமல் வளவு முழுக்கக் கிண்டியவர்களும் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு. கிழவர் சொன்ன உடனே, அம்மாவும் கொடியை அப்படித் தாட்டுவிட்டாளோ என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. வந்ததும் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. எனக்குக் கோபம்தான் வந்தது. வளவுக்குள் அது இருந்தால் நான் என்ன ஆள் என்று யோசித்துப் பார். அதனால் சொல்கிறேன், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற அந்த மெஷினை நான் தேடுவதற்காக வாங்கவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று நிரூபிக்க வாங்கினேன். இருப்பதற்குள் திறமான மெஷினே அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னால், நான் சொன்னது சரி என்றாகிவிடும் அல்லவா.

நீ போகிற ஊர்ப்பக்கம் மண்ணுக்குள் தங்கக்கட்டி தேடித் திரிகிற ஆட்கள் இருக்கிறார்களாம். உன்னை எனக்குத் தெரியும், ஒரு வருஷத்துக்குள் நீயும் இப்படி ஒன்று வாங்குவாய். ஆகவே இதையும் கேட்டுக்கொள். முதலில் நான் இன்டர்நெட்டில் மலிவாக ஒன்று எடுத்தேன். அது ஆணிக்கும் கத்தியது, சோடா மூடிக்கும் கத்தியது, மழை பெய்த மண்ணைப் பார்த்தும் கத்தியது. இரண்டு நாளில் திருப்பி அனுப்பிவிட்டு, எசெக்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊரில் இதற்கென்றே இருக்கும் கடைக்கு ரயில் ஏறிப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். "என்ன தேடப் போகிறீர்கள், எந்த மண்ணில்?" என்று கேட்டார். கடற்கரையில் சும்மா என்று பொய் சொன்னேன். இதற்குப் பதில் தெரியாமல் விலையைப் பார்க்கிறவன் விளையாட்டுச் சாமான் வாங்குகிறான் என்றார். பிறகு என் பொய்யை நான் கொஞ்சம் திருத்தி, வீட்டு வளவு, களிமண், மோதிரம் மாதிரி ஒரு தங்கச் சாமான் என்றேன்.

அவர் எடுத்துக் காட்டியது உயர்ந்த ரகம். மலிவானது ஒரே ஒரு அலைவரிசையில் மண்ணைக் கேட்கும், இது பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் கேட்கும், ஈரக் களிமண்ணில் அதுதான் உதவும் என்றார். கையில் தந்து ஐந்து நிமிஷம் வீசச் சொன்னார். எடையைக் கையால் பார்க்காமல் வாங்காதே, முழங்கைதான் பிறகு அழும். அடியில் இருக்கும் வளையத்தைக் கொயில் என்பார்கள். பெரிய கொயில் ஆழம் போகும், ஆனால் குப்பை நிறைந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு சாமானை ஒன்றாகக் கேட்கும், வீட்டு வளவுக்குச் சின்னது போதும் என்றார். அவருடைய மேசையில் என் மோதிரத்தையும் பியர் கானை இழுத்துத் திறக்கிற வளையம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம், திரையில் கிட்டத்தட்ட ஒரே நம்பர். அப்போது என்னுடைய ஒரு நம்பிக்கை ஆடியது. இவ்வளவு விலைக்கு வாங்கினால் தங்கத்தைத் தங்கம் என்று சொல்லும் என்று நினைத்திருந்தேன். சங்கிலி இன்னும் மோசம். மெஷினுக்குச் சங்கிலி சங்கிலியாகத் தெரியாது, தனித்தனிக் கண்ணியாகத்தான் கேட்கும், அதனால் கனமான கொடிகூடச் சின்னத் தகரத்துண்டு மாதிரி முனகும்.

பழகுவது வாங்குவதைவிடக் கஷ்டம். பார்க்குகளில் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் கூடாது, தேம்ஸ் கரையில் என்றால் அதற்கு வேறு அனுமதி. நான் எங்கள் வளவின் ஒரு மூலையிலேயே பள்ளிக்கூடம் வைத்தேன். ஒரு காசு, ஒரு ஆணி, ஒரு கான் வளையம், என் கல்யாண மோதிரம், நான்கையும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டு, ஒவ்வொரு நாளும் அதன் மேல் நடந்தேன். முதலில் சுத்தமான ஓர் இடத்தில் கொயிலை மேலும் கீழும் ஆட்டி மெஷினுக்கு மண்ணின் குணத்தைப் பழக்க வேண்டும். உணர்திறனை உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் ஆழம் கூடும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன், மெஷின் பைத்தியம் மாதிரி அலட்டியது. இறக்கிவிட்டால் உண்மையைச் சொன்னது. கொயிலைப் புல்லோடு உரசுகிற மாதிரி தாழ்த்திப் பிடி, வீச்சின் கடைசியில் தூக்காதே, ஒரு வீச்சு முந்திய வீச்சில் பாதியை மூட வேண்டும். திரையைப் பார்க்காதே, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேள். நல்ல சாமான் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் ஒரே மாதிரிச் சொல்லும். ஒன்றரை மாதத்தில் இதெல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. பேசுகிற மனிதர்களை ஒரு நாளும் இவ்வளவு பொறுமையாக நான் கேட்டதில்லை.

இந்த மெஷின்களில் வேண்டாத உலோகத்தைத் தள்ளிவிடுகிற வசதி ஒன்று உண்டு. லண்டன் வளவு என்றால் அடியில் முழுக்கத் துருப்பிடித்த ஆணியும் பழைய குழாயும்தான். நான் இரும்பை முழுதாகத் தள்ளிவிட்டுத்தான் தேடினேன். அதுவும் வளவுக்கு நடுவில் உடுப்புக் காயப்போடுகிற இரும்புக் கம்பம் நிற்கிறது, அதன் பக்கம் போனாலே சத்தம் கிழிந்து கிழிந்து வரும், அதனால் அதைச் சுற்றி நான்கடிக்கு விட்டுவிட்டேன். மற்ற இடமெல்லாம் முறைப்படி, கயிறு கட்டி, கோடு கோடாக நடந்தேன். வேலிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி, சில காசுகள், யாரோ ஒரு காலத்தில் விளையாடிய ஈயக் குதிரை ஒன்று. கொடி இல்லை. நான்கு கிழமை முடிந்ததும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, பின்கதவுப் படியில் இருந்து நிம்மதியாகக் குடித்தேன். சின்னம்மாவுக்குப் போன் எடுத்து, "நான் சொன்னது பிழையில்லை" என்று வேறு சொன்னேன்.

சார்ஜர் ஒன்று வாங்க அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். மோதிரம் கிடைத்ததா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, அங்கே இல்லை என்றேன். "இரும்பையும் சேர்த்துக் கேட்டுப் பார்த்தீர்களா?" என்றார். தங்கத்துக்கு எதற்கு இரும்பு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "தள்ளிவிடு என்றால் மெஷின் தள்ளிவிடும். எதைத் தள்ளினேன் என்று உங்களுக்கு வந்து சொல்லாது. ஆட்கள் தங்கத்தை எதற்குள் போட்டுப் புதைக்கிறார்கள் என்று யோசியுங்கள்" என்றார். திரும்பி வரும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது. பால்மா ரின் இரும்புத் தகரம்தானே. எங்கள் சனம் காலம் காலமாக அதில்தானே தாட்டது. அதைத் தெரிந்த நானே இரும்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேடியிருக்கிறேன்.

அடுத்த நாள், வைகாசி மாதம், நல்ல வெயில். ஒன்றையும் தள்ளாமல் எல்லாவற்றையும் கேட்க விட்டு நடந்தேன். கம்பத்தடியில் இரும்பு கத்தியது, ஆனால் கத்தல் கம்பத்தோடு நிற்கவில்லை, வேலிப்பக்கமாக ஒரு கை நீளத்துக்குப் போனது. கம்பத்தை அதன் குழியில் இருந்து கழற்றித் தள்ளிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கேட்டேன். அந்த இடம் அப்போதும் கத்தியது. முழங்கால் நோவையும் பார்க்காமல் குந்தியிருந்து கிண்டினேன். ஒன்றரை அடிக்குக் கீழே ரின் வந்தது. மூடியைச் சுற்றிப் பார்சல் ஒட்டுகிற டேப், ஒரு சுற்று இல்லை, பத்துச் சுற்று. உள்ளே பிளாஸ்டிக் பை, ஈரம் பிடிக்காமல் இருக்க மருந்துப் போத்தல்களுக்குள் வருகிற சின்னப் பைக்கட்டுகள் நான்கைந்து, அதற்குள் குழந்தையைத் துடைக்கிற வெள்ளைத் துணி, அதற்குள் கொடி.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ரின் உன் பிள்ளை குடித்த பால்மாவின் ரின். அந்தக் காலத்தில் அம்மாவுக்குச் சட்டைப் பொத்தானே பூட்டத் தெரியாது, பத்துச் சுற்று டேப் அவள் ஒட்டவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் நித்தியா. இவ்வளவும் எனக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கியது. விளங்கியதும், ஈர மண்ணில் இருந்தபடி நான் நினைத்தது, "பிடிபட்டாய்" என்று. எடுத்து, இங்கேயே ஒளித்து வைத்து, கதை ஆறின பிறகு கொண்டுபோக இருந்திருக்கிறாள் என்று. கொடி என் கையில் இருக்கிறது, அப்போதும் அவள் எனக்குக் கள்ளிதான். அம்மா போய் ஒரு வருஷம் முடிகிற ஆட்டைத்திவசத்துக்கு எல்லோரும் வருவார்கள், அன்றைக்கு அந்த ரின்னை நடுவில் வைத்துக் கேட்கவேண்டும் என்று முடிவு செய்து, மூன்று மாதம் அதை ஷெட்டுக்குள் வைத்திருந்தேன். என்ன கேட்பது, அவள் என்ன சொல்வாள், அதற்கு நான் என்ன சொல்வது என்று வசனம்கூடப் பாடமாக்கினேன்.

திவசம் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அவள் பயப்படுவதைக் கேட்கவேண்டும் போல இருந்தது. ஆவணியில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, உன்ர பால்மா ரின் என்னட்டை இருக்கு" என்றேன்.

"கொடி பழுதாகேல்லையே மாமா?" என்று கேட்டாள்.

"நீ வடிவாச் சுத்தித்தானே ஒளிச்சு வைச்சனி. எப்பிடிப் பழுதாகும்?"

"நான் ஒளிக்கேல்லை. மாமிதான் தாட்டுத் தரச் சொன்னவா."

ஒரு நாள் நான் வெளியே போயிருந்த நேரம், அம்மா கொடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அழுதாளாம். கையில் ஒரு கரண்டியோடு கொட்டும் குளிரில் வளவுக்குள் ஓடினாளாம். சமாதானப்படுத்த ஏலாமல், அவளுக்குக் கோட்டைப் போட்டுவிட்டு, இவள் ஷெட்டில் இருந்த மண்வெட்டியை எடுத்துத் தானே கிண்டியிருக்கிறாள். உடுப்புக் கம்பத்தடி என்றால் மறக்காது என்று இடத்தைச் சொன்னது அம்மா. பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து, அதன் தலையில் கை வைக்கச் சொல்லி, ஒருவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினாளாம்.

"கள்ளருக்குப் பயந்தவாவோ?" என்று கேட்டேன்.

"மாமி பயந்தது வெளிக் கள்ளருக்கு இல்லை மாமா."

"பிறகு ஆருக்கு?"

"அதை விடுங்கோ."

"சொல்லு பிள்ளை."

"'நான் பிள்ளை பெத்துக்கொண்டு வாறதுக்குள்ளை அந்த மனுசன் கொண்டுபோய் அடைவு வைச்சுப்போடும்' எண்டு மாமி அழுதவா. எனக்கு அது என்ன கதை எண்டு தெரியாது."

எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது, சொல்கிறேன். உன்னைப் பெற அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனபோது நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். கொடியைக் கழற்றி லேஞ்சித் துணியில் சுற்றி என் கையில் தந்து, "கவனம்" என்றாள். அந்தக் கிழமைதான் உன் சித்தப்பாவை ஊரில் இருந்து கூட்டிவர ஏஜென்சிக்காரன் காசுக்கு நெருக்கிக்கொண்டிருந்தான். அவளைக் கேட்டால் தந்திருப்பாள். ஆனால் நான் கேட்கவில்லை. கொண்டுபோய் அடைவு வைத்துக் காசை அவனுக்குக் கொடுத்துவிட்டு, கொடி பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். உன்னுடைய முப்பத்தொன்றுக்கு, நீ பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, ஆட்கள் வந்திருந்த நேரம், குளித்துப் புதுச்சேலை உடுத்திக்கொண்டு வந்து கொடியைக் கேட்டாள். நான் வாசலைப் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. திரும்பி உள்ளே போய், மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, சேலையால் கழுத்தை மூடியபடி வந்து உன்னைத் தூக்கி மடியில் வைத்தாள். இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தாள். பிறகு மீட்டுக் கொடுத்தேன். மீட்டாகிவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். அவளும் அதைப் பற்றிச் சாகும்வரை ஒரு நாளும் கதைக்கவில்லை. அதனால் மறந்துவிட்டாள் என்று நம்பினேன்.

நித்தியா போனில் காத்திருந்தாள். "அண்டைக்கு நான் பாக்கைத் திறக்கச் சொல்லேக்குள்ளை ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்றேன்.

"பிள்ளையின்ர தலையிலை சத்தியம் மாமா."

"மாமி செத்த பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஏன் தாட்டது எண்டும் கேப்பினம். மனுசி செத்த வீட்டிலை வைச்சு உங்களுக்கு அதைச் சொல்ல ஏலுமே?"

தம்பிக்காவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். சொன்னால் நீ வந்து என்னோடு சண்டை பிடிப்பாய், அம்மா அதைப் பார்க்கவேண்டி வரும் என்று விட்டுவிட்டாளாம். பிறகு, முறைப்பாடு மாதிரி இல்லாமல், நேரம் என்ன என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். "இவரும் ஒருக்காக் கேட்டவர், எடுத்தனியோ எண்டு. அண்டைக்குக் காருக்குள்ளை, திரும்பி வரேக்குள்ளை. இல்லை எண்டனான். பிறகு கேக்கேல்லை." போனை வைக்கப்போகிற நேரம், "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ மாமா, மாமிக்கும் நல்லாயிருக்காது, உங்களுக்கும் நல்லாயிருக்காது. நாங்கள் போறம்தானே" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. அவளே வேண்டாம் என்றுவிட்டாள், பிறகென்ன என்று இரண்டு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டு நித்திரை கொண்டேன். இந்தக் கடிதத்தில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்த இரண்டு மாதத்துக்குத்தான். நீ "ஆர் யூ ஓகே?" என்று கேட்ட பிறகுதான் அந்த நிம்மதி கெட்டது. நீங்கள் போன பிறகும் இங்கே கள்ளி என்ற பெயர் இருக்கும், அது உன் பிள்ளை வளர்ந்து ஒரு கல்யாணத்துக்கு வந்து நிற்கிற நாளில் அதற்கும் கேட்கும்.

கார்த்திகையில் திவசத்துக்கு வா. அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. நான் ரின்னை நடுவில் வைக்கத்தான் போகிறேன். அதைத் தாட்டது யார், தாட்டுத் தரச் சொன்னது யார், யாருக்குப் பயந்து என்று என் வாயால் சொல்வேன், அடைவுக் கதையில் இருந்து சொல்வேன். சின்னம்மா எழும்பிப் போனால் போகட்டும். நித்தியா வர மறுத்தாலும் சொல்வேன். பிழையைச் சனத்துக்கு முன்னால் செய்தவன் சனத்துக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நீ காருக்குள் அவளிடம் கேட்டது வேறு ஒருவர் காதிலும் விழவில்லை. நீங்கள் இரண்டு பேரும்தான் இருந்தீர்கள். அந்தச் சந்தேகத்தை உனக்குள் போட்டவன் நான், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் கேட்டது நீ. விமானம் ஏறுவதற்கு முன்னம் அவளிடம் அதைப் பற்றிப் பேசு. ஒரு தடவைதானே கேட்டேன், அவளும் இல்லை என்றாள், நானும் விட்டுவிட்டேன், முடிந்துபோன கதை என்று நினைக்காதே. கொடியை மீட்டுக் கொடுத்த அன்று நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா கடைசியில் என் பெயரை மறந்தாள், உன் பெயரை மறந்தாள், சோறு வாய்க்குள் போனால் விழுங்க வேண்டும் என்பதையும் மறந்தாள். அந்த அடைவை மாத்திரம் மறக்கவில்லை.

அப்பா